நிகர எடை

புதுவயலில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
எடைமேடைக் கூண்டில் பதினாறு வருஷம்.
நெல் லாரி ஏறும். சுமையோடு ஓர் எண்.
ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பும். வெறும் வண்டிக்கு ஓர் எண்.
கழித்தால் நிகரம்.
ரசீதின் அடியில் என் கையெழுத்து:
மு. அடைக்கம்மை.

என் கணக்கில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.
டிரைவர்கள் எண்ணைப் பார்க்கும் முன்
எங்கே பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.
சின்னவன் பிறந்ததிலிருந்து
எந்த வாசலிலும் எனக்கு முன்னால்
இரண்டு பேர் நுழைந்துவிடுகிறார்கள்.
பின்னாலேயே போய்
நான் மன்னிப்புக் கேட்கிறவள்போல் நிற்பேன்.

தோளில் பட்டி அறுத்த இரண்டு வாய்க்கால்.
சித்திரையில் மடிப்புக்கு அடியில் வேர்க்குரு, அப்புறம் புண்,
பவுடர், வேட்டித்துணித் துண்டு, மறுபடி பவுடர்.
கழுத்தைப் படம் எடுத்தார்கள். கழுத்தில் குற்றமில்லை.
எலும்பு டாக்டர் தலையணையை மாற்றச் சொன்னார்.
காரைக்குடித் துணிக்கடைப் பெண்
குரலைத் தாழ்த்தி,
"அக்கா, இந்த சைசுக்கு மதுரைக்குத்தான் போகணும்" என்றாள்.

போனேன்.
கடைக்கு இல்லை.

டாக்டர் ஜெசிந்தா மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்.
தூக்கி மட்டும் தைக்கலாம்,
நிமிர்ந்து நிற்கும், பாரம் அப்படியே இருக்கும்.
கொழுப்பை மட்டும் உறிஞ்சலாம்,
தழும்பு சிறிசு, ஆனால் இவ்வளவு தொய்வுக்குப் பத்தாது.
குறைப்பதென்றால்
காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு,
மடிப்போடு ஒரு வளைவு.
"நங்கூரம் மாதிரி" என்றார்.
கண்மாயைத் தவிர நீர் பார்க்காத ஊர்க்காரிக்கு
நங்கூரம்.
உணர்ச்சி குறையலாம், போயே போகலாம்.
இரண்டும் ஒன்றுபோல் அமையும் என்று
எழுதித் தர மாட்டேன் என்றார்.
அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நம்பினேன்.

இவுக பேப்பரை மடித்து வைத்தார்கள்.
"இந்த வயசில் யாருக்குக் காட்ட?"
யாருக்கும் காட்டாமல் இருக்கத்தான் என்றேன்.
நாத்தனார் போனில், "ஆண்டவன் கொடுத்ததம்மா."
உன் பித்தப்பையும் அவன் கொடுத்ததுதான்,
போன ஆடியில் எடுத்துப் போட்டாயே.
இன்சூரன்சுக்காரன் மனுவின் மேல்
'அழகு சம்பந்தப்பட்டது' என்று எழுதித் திருப்பினான்.
அழகு!
புண்ணைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கலாம்.
சீட்டை எடுத்தேன்.

அன்று காலை நிற்க வைத்து வரைந்தார்கள்.
படுத்தால் கோடு பொய் சொல்லுமாம்.
ஊதாப் பேனா, அளவு நாடா,
பத்திரத்துக்கு முன்னால் சர்வேயர் வந்து
கல் ஊன்றுவதுபோல.

கண் விழித்ததும் கேட்டது: "எவ்வளவு?"
தொழில் புத்தி.
இடது எழுநூற்று நாற்பது. வலது எண்ணூற்றுப் பத்து.
மயக்கத்திலேயே கூட்டினேன்.
ஒன்று ஐந்நூற்றைம்பது.
ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது என்றாள் நர்ஸ்.
இரண்டு பிள்ளைகள் பசியாறிய இடம்
ஒரு டப்பாவில், மேலே என் பெயர் ஒட்டி.
கெட்டது எதுவும் இல்லை என்று பத்தாம் நாள் தாள் வந்தது.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ரேஷன் கார்டுக்குள் வைத்தேன்.

இடது பக்கத்துக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.
வலதில் நினைத்தாற்போல் மின்சாரம்.
தழும்பு ஓரிடத்தில் தடித்திருக்கிறது.
ஒருநாள் குளியலறையில் அழுதேன்.
வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது,
வேறு பெயரும் கிடைக்கவில்லை.

நேற்று இரவு கடைசி லாரி போனபின்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
வெளித்திரையில் சிவப்பாய் எழுபது.
மாசியிலும் இப்படி ஏறியிருக்கிறேன்.
அன்றும் எழுபது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
நாற்பது டன் சுமக்கிற இரும்பைக்
குறை சொல்லி என்ன.

கூண்டைப் பூட்டும்போது கேட் மணி அடித்தது.
மூடினால் அரைமணி நேரம் நிற்க வேண்டும்.
ஓடினேன்.
கம்பம் இறங்க இறங்கக் குனிந்து
அந்தப் பக்கம் போய் மூச்சு வாங்கியபிறகுதான் பார்த்தேன்,
ஒரு கையில் சாவி, ஒரு கையில் சாப்பாட்டுப் பை.
மார்பைப் பிடித்துக்கொள்ள
எனக்குக் கை மிச்சமில்லை.